ஐந்தாவது இலை

ரம்பக்காரன் செத்துப்போனான் என்பதில் அவன் மனைவிக்குச் சந்தேகம் இல்லை. தம்பி லாரிக்காரனுக்கும் இல்லை; மரத்துக்கு அடியிலிருந்து அண்ணனை இழுத்து எடுத்தவனே அவன்தான். சந்தேகம் இருந்தது மாசற்ற மர மன்றத்துக்கு மட்டும்தான். மன்றம் பெரிய இடம். அது சந்தேகப்பட்டால் செத்தவன் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டு மரத்துக்கு இரும்பு மரம் என்று பெயர். வைரம் பாய்ந்தது. தண்ணீரில் போட்டால் கல்லைப் போல மூழ்கும். கரையான் ஒருமுறை வாய் வைத்துப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். வெயிலில் கிடந்தாலும் மழையில் கிடந்தாலும் ஒரு தலைமுறைக்கு அசையாது. அதனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வசதியானவர்கள், வீட்டுப் பின்கட்டில் தோட்டத்தைப் பார்த்த மாதிரி இந்தப் பலகைகளைப் பரப்பித் தளம் போட்டுக்கொள்கிறார்கள். டெக் என்பார்கள். அதன்மேல் அதே மரத்தில் செய்த நாற்காலி, மேஜை, பெஞ்சு. விடுமுறைக் காலையில் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களுக்கு ஒருநாள் கவலை வந்துவிட்டது. காலுக்குக் கீழே இருப்பது யாருடைய பாவமோ? அந்தக் கவலையைப் போக்கத்தான் மன்றம் பிறந்தது. மன்றம் மரத்துக்கு இலை கொடுக்கும். "வெட்டும்போது மரம் இழந்த இலைகளை நாங்கள் திருப்பிக் கொடுக்கிறோம்" என்று அதன் தலைவி மேடைகளில் சொல்வார். கைதட்டல் விழும்.

ஆறு கலங்கவில்லை என்றால் ஓர் இலை. விலங்குகளை விரட்டவில்லை என்றால் இரண்டாவது. பிள்ளைகளை வேலை வாங்கவில்லை என்றால் மூன்றாவது. காட்டின் எல்லைக்குள் யாரும் அழவில்லை என்றால் நான்காவது. யாரும் சாகவில்லை என்றால் ஐந்தாவது. எத்தனை இலையோ அத்தனையும் ஒவ்வொரு பலகையின் முனையிலும் பச்சைப் பெயின்டில் குத்தப்பட்டிருக்கும்.

ரம்பக்காரன்மேல் விழுந்தது ஐந்து இலை மரம்.

அவன் அறுத்து முடித்து விலகி நின்றுதான் இருந்தான். மரத்தின் தலையில் பின்னிக் கிடந்த கொடி ஒன்று பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டது. விழ வேண்டிய பக்கம் விழாமல் மரம் திரும்பிவிட்டது. அவ்வளவுதான். அன்றைக்கு மழை. பாதை அறுந்து லாரிகள் நின்றுவிட்டன. "இங்கேயே வெச்சுட்டு, ரோடு சரியானதும் எடுத்துக்கலாம்" என்றார் முகாம் மேலாளர். லாரிக்காரன் அடிமரத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினான். நரி தோண்டாமலிருக்கக் கல் அடுக்கினான்.

பாதை சரியாவதற்குள் அந்தப் பகுதியில் வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது. உடனே மன்றம் அதை 'ஓய்வெடுக்கும் காடு' என்று அறிவித்தது. மரங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக முப்பது வருஷத்துக்கு மனிதக் கால் உள்ளே படக்கூடாது. மரங்களே அங்கே இல்லை என்பதை மன்றம் ஒரு குறையாக நினைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களை அப்படியே வெளியேற்றி, குறுக்கே சங்கிலி கட்டி, காவலுக்கு ஓர் ஆளையும் போட்டது.

ரம்பக்காரனின் மனைவி தையல்காரி. மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. பள்ளிச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் தைப்பாள். மரக் கம்பெனியிலிருந்து அவளுக்கு வந்த தகவல் ஒரு வரிதான்: உங்கள் கணவர் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். ஒரே வாரத்தில் அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. துணி தைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி ஆறுதல் சொன்னாள்: "எங்கயாவது வேற குடும்பம் வெச்சிருப்பாரு. ஆம்பளைங்க புத்தி தெரிஞ்சதுதானே. நீ மனசைத் தேத்திக்க. அப்புறம், பாவாடையில ரெண்டு விரக்கடை கூட விடு, பொண்ணு வளந்துட்டா."

தையல்காரி இரண்டு விரற்கடை கூட விட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் லாரிக்காரன் வந்து தரையில் உட்கார்ந்தான். சாப்பாட்டைத் தொடவில்லை.

"அண்ணனை அந்த ஈரத்துல விட்டுட்டு வந்துட்டேன் அண்ணி."

"எடுத்துட்டு வந்துடலாம் தம்பி. யாரைக் கேக்கணுமோ கேப்போம்."

கேட்க வேண்டிய இடம் மன்றம் என்று சொன்னார்கள். போனார்கள்.

மன்றத்தின் கட்டடத்துக்கு முன்னால் அகலமான மரத்தளம் ஒன்று பளபளவென்று விரிந்து கிடந்தது. ஒருவர் குனிந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கால் துடைக்க ஈரத்துணி கொடுத்தார்கள். "பலகைக்கு மூச்சு முட்டக்கூடாது பாருங்க" என்றார் எண்ணெய்க்காரர். தளத்தின்மேல் நாற்காலி போட்டு அவர்களை உட்காரவைத்தார்கள்.

வந்தவர் அக்கறைப் பிரிவின் அதிகாரி. எதைச் சொன்னாலும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றார். அவள் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் கட்டையை எடுத்துட்டுப் போகணும் சார்."

"எந்தக் கட்டை? அறுத்ததா, அறுக்காததா?"

லாரிக்காரன் பல்லைக் கடித்தான். "கட்டைன்னா உடம்பு சார். பொணம்."

அதிகாரி கையை நெஞ்சில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கண்கூடக் கலங்கியது. பிறகு கணினியைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினார்.

"இந்த மரத்துக்கு அஞ்சு இலை. அஞ்சாவது இலை தெரியுதா?"

"தெரியுது சார்."

"அது இருந்தா யாரும் சாகலைன்னு அர்த்தம்."

"செத்தார் சார். என் கொழுந்தன்தான் புதைச்சார்."

"புதைச்சதை நான் மறுக்கலைம்மா. செத்ததைத்தான் மறுக்கறேன்."

"அப்போ உயிரோட இருந்தவனையா நான் புதைச்சேன்?" என்று லாரிக்காரன் எழுந்துவிட்டான்.

அதிகாரிக்கு உண்மையிலேயே பதற்றம். குரலைத் தாழ்த்தினார். "அது பெரிய குற்றம் தம்பி. தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இருவருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

தையல்காரி விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வாராவாரம் போனாள். வாராவாரம் கால் துடைத்தாள். தன் கணவன் செத்ததை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம், சங்கிலியை ஒரு மணி நேரம் அவிழ்த்துவிட்டால் போதும் என்றாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் எதை எடுக்கச் சங்கிலியை அவிழ்ப்பது என்று மன்றம் கேட்டது. கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அவளுக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது.

கடைசியில் மன்றம் இளகி, மறுஆய்வுக் குழு ஒன்றை அனுப்பியது. மர நிபுணர் ஒருவர், பறவை நிபுணர் ஒருவர், மனித நிபுணர் ஒருவர். கிளம்புகிற அன்று மனித நிபுணருக்கு வயிறு சரியில்லை. அதனால் மனிதர்களையும் பறவை நிபுணரே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மனிதக் கால் படக்கூடாத காட்டுக்குள் இவர்கள் எப்படிப் போவார்கள் என்று தையல்காரி கேட்டாள். நிபுணர்களின் கால் விதிப்படி 'ஆய்வுப் பாதம்' என்று விளக்கினார்கள். இடத்தைக் காட்டப் போன லாரிக்காரனுக்கு இருந்தது வெறும் கால். சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டித்தான் காட்ட முடிந்தது.

பறவை நிபுணர் அங்கேயே அவனை விசாரித்தார்.

"மரம் விழுந்தப்போ உங்க அண்ணன் கத்தினாரா?"

"கத்த நேரமில்ல சார்."

"அப்போ இரைச்சல் இல்லை. நல்லது. நீங்க அழுதீங்களா?"

"அழாம?"

நிபுணரின் பேனா நின்றுவிட்டது. மர நிபுணர் அவர் முகத்தைப் பார்த்தார். நான்காவது இலை ஆடியது.

"எங்கே நின்னு அழுதீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

லாரிக்காரன் யோசித்தான். குழியை மூடும்போது அழுகை வரவில்லை. பாதை சரியாகி வண்டியை எடுத்துக்கொண்டு இந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் அது வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறான்.

"வெளியில வந்துதான் சார்."

இரண்டு நிபுணர்களும் மூச்சு விட்டார்கள். பறவை நிபுணர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

குழு கொடுத்த அறிக்கை பொறுமையாக எழுதப்பட்டிருந்தது. சொல்லப்பட்ட இடத்துக்கு மேலே ஓர் இருவாச்சிப் பறவை பறந்து போனதாம். துயரம் நடந்த இடத்துக்கு மேலே இருவாச்சி பறக்காது என்பது நிபுணரின் சொந்தக் கணிப்பாம். அடிமரத்துக்குப் பக்கத்தில் கற்கள் நீளவாக்கில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதைக் குழு பார்த்ததாம். அந்தப் பகுதி விலங்குகளின் அறிவுக்கூர்மைக்கு அது சான்றாம்.

ஆனால் மன்றத்துக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆண்டு விழாவுக்குத் தையல்காரியை அழைத்தார்கள். அவளுக்கு ஒரு பரிசு என்றார்கள். சங்கிலியைத் திறக்கப்போகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு லாரிக்காரனோடு போனாள்.

மரத்தளத்தின்மேல் மேடை. கூட்டம் முழுக்க வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தது. தலைவி மென்மையாகப் பேசுகிறவர். மைக் அவருக்கு அதிகப்படி.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கார்" என்று ஆரம்பித்தார். "நல்லவர். காலையில காபியோட தன் தளத்துக்கு வர்றார். அந்த நேரத்துல அவருக்கு ஒரு சந்தேகம் வந்துட்டா என்ன ஆகும்? காபி ஆறிடும். நாற்காலி குத்தும். அந்தக் காலைப்பொழுதே நாசம். யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பாவம் அந்த மனுஷன்! அவருக்கு யார் இருக்கா? நாமதான் இருக்கோம். நாம மரத்தை ஏற்றுமதி பண்ணல. நிம்மதியை ஏற்றுமதி பண்றோம். மரம் அது கூடவே போகுது, அவ்வளவுதான்."

கைதட்டல் அடங்கக் காத்திருந்தார்.

"சிலர் கேக்கறாங்க, ஏதாவது தப்பு நடந்தா ஒத்துக்கிட்டா என்னன்னு. ஒத்துக்கறது சுலபங்க. யார் வேணும்னாலும் ஒத்துக்கலாம். தெருவுல போறவன்கூட ஒத்துக்குவான். ஒத்துக்காம இருக்கறதுக்குத்தான் ஒரு நிறுவனம் வேணும், கட்டடம் வேணும், நிபுணர்கள் வேணும். பல வருஷ உழைப்பு வேணும்."

பிறகு திரையை விலக்கினார்கள். பின்னால் ஒரு தோட்டத்துப் பெஞ்சு. அழகான வேலை. கைப்பிடி வளைந்து வழவழவென்று இருந்தது.

"இந்த அம்மாவோட கணவர் எங்கயோ நல்லா இருக்கார்னு நாங்க நம்பறோம்" என்றார் தலைவி. "அவர் திரும்பி வர்ற வரைக்கும் இவங்க உக்காந்து காத்திருக்க, மன்றத்தோட அன்பளிப்பு."

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரியைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கொண்டுவந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் அதன் முனையில் இருந்த இலைகளைப் பார்த்தாள்.

"இது எந்த மரம்மா?"

"உங்க கணவர் வேலை செஞ்ச அதே காடு. அவர் கடைசியா அறுத்த அதே மரம்" என்றார் தலைவி பெருமையோடு. "தேடிக் கண்டுபிடிச்சோம். எங்ககிட்ட எல்லா மரத்தோட வழித்தடமும் இருக்கு. ஒரு மரம்கூடத் தொலையாது."

"நான் இதுல உக்கார மாட்டேன்" என்றாள் தையல்காரி. மைக் அவளிடம் இல்லை. புகைப்படக்காரர், "கொஞ்சம் சிரிச்ச முகமா, அக்கா" என்றார். கைத்தாங்கலாகக் கொண்டுவந்தவர்கள் அவள் தோளை மெல்ல அழுத்தினார்கள். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாமல் பெஞ்சிலேயே சரிந்து உட்கார்ந்தாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

பெஞ்சை அங்கேயே விட்டுவிட்டு அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். லாரிக்காரன் யாரையாவது அடித்துவிடுவானோ என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கறை அதிகாரி வேகமாக நடந்து வந்தார். முதல் தடவையாக அவர் கை நெஞ்சில் இல்லை.

"ஒரு வழி இருக்கும்மா. கேக்க நல்லா இருக்காது."

"சொல்லுங்க சார்."

"ஓய்வெடுக்கற காட்டுலேருந்து சுத்துப்பட்டு ஜனங்க சின்னச் சின்ன விளைபொருள் எடுத்துக்கலாம். அதுக்கு விதி இருக்கு. தேன், பிசின், வேர், மற்றவை. பொணத்தை எடுக்க அனுமதி கொடுத்தா ஒருத்தர் செத்ததா ஆயிடும். மற்றவையை எடுக்க அனுமதி கொடுத்தா யாரும் சாகலை. நாளைக்கே என்னால கொடுக்க முடியும்."

"எங்க அண்ணன் மற்றவையாய்யா?" லாரிக்காரன் கையை உதறிக்கொண்டு பாய்ந்தான்.

"தம்பி, சும்மா இரு." தையல்காரி நடுவில் வந்து நின்றாள். பஸ் ஒன்று வந்து நின்று போனது. "பேரு என்னவா இருந்தா என்ன. வீட்டுக்கு வரட்டும்."

அதிகாரி தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்றார். "நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. இரக்கப்பட்டேன்னு தெரிஞ்சா அக்கறைப் பிரிவுலேருந்து மாத்திடுவாங்க."

அடுத்த வாரம் அண்ணியும் கொழுந்தனும் காட்டுக்குப் போனார்கள். அவள் கெட்டியான திரைத்துணியில் ஒரு பை தைத்து எடுத்துக்கொண்டாள், இரட்டைத் தையல் போட்டு. சங்கிலிக் காவலர் அனுமதியைப் பார்த்துவிட்டு லாரிக்காரனின் மண்வெட்டியையும் கடப்பாரையையும் வாங்கி வைத்துக்கொண்டார். தூங்குகிற மண்ணில் இரும்பு படக்கூடாது. பதிலுக்கு இரண்டு துண்டுப் பலகை கொடுத்தார். தளம் போட்டதில் மிச்சமாம். வேர் தோண்டுகிறவர்களுக்காக மன்றம் இலவசமாகக் கொடுப்பது.

அந்தப் பலகையால்தான் தோண்டினார்கள். எவ்வளவு குத்தினாலும் அது உடையவில்லை, சிம்புகூட எழவில்லை. நல்ல மரம்தான். சுற்றிலும் அடிமரங்கள் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை, யாரோ எழுந்து போன நாற்காலிகளைப் போல. லாரிக்காரன் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தான். இரண்டாவது முழத்தில் துணி தட்டுப்பட்டது.

"அண்ணி, நீங்க தள்ளிப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"நான் தைச்ச சட்டைடா. தள்ளு."

காலர் மட்கிவிட்டிருந்தது. பொத்தான் துளைகள் மட்டும் பிரியாமல் அப்படியே இருந்தன. அவள் மண்ணைக் கையாலேயே ஒதுக்கினாள். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்துப் பையில் வைத்தாள். காட்டின் எல்லைக்குள் அவள் அழவில்லை. மன்றம் குறித்துக்கொள்ளலாம்.

பையை ஒரு மரப்பெட்டியில் வைத்தார்கள். மடக்கு நாற்காலி அனுப்புகிற சின்னப் பெட்டி. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டிருந்தது. சோதனைச் சாவடியில் இருந்தவர் சலிப்போடு எழுந்து வந்தார்.

"பொருள்?"

"மற்றவை" என்றான் லாரிக்காரன்.

"ஈரமா, உலர்ந்ததா?"

இதற்குத் தையல்காரிதான் சொன்னாள். "உலர்ந்தது."

சாவடிக்காரர் பெட்டியின்மேல் இலை வடிவம் வெட்டிய தகட்டை வைத்துப் பச்சைப் பெயின்டைத் தடவினார். ஐந்து இலை. ஆறு கலங்கவில்லை, விலங்குகள் விரட்டப்படவில்லை, பிள்ளைகள் வேலை செய்யவில்லை, யாரும் அழவில்லை, யாரும் சாகவில்லை. "காயட்டும், கை வைக்காதீங்க" என்று சொல்லிக் கம்பத்தை உயர்த்தினார்.

அந்த வருஷத்து ஆண்டு மலரில், ஓய்வெடுக்கும் காட்டிலிருந்து பெண்களே விளைபொருள் சேகரித்து வாழ்க்கையில் முன்னேறுகிறார்கள் என்று மன்றம் எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மலரை நான் பார்க்கவில்லை.

லாரி நேராக இடுகாட்டுக்கு வந்தது. வாசலில் இடுகாட்டுக்காரர் சுவரில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் எழுந்தார்.

"யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்ண்ணே."

"இறப்புச் சான்று இருக்கா? இல்லாம உள்ள விடக்கூடாது."

அவளிடம் இருந்தது ஒன்றுதான். மன்றம் கொடுத்த அனுமதியை எடுத்து நீட்டினாள். லாரிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இடுகாட்டுக்காரர் அதை மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தார். அவர் உதடு அசைந்தது. ஒரு வரியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து படித்தார். பெட்டியைப் பார்த்தார், அதன்மேல் இன்னும் சரியாகக் காயாத பச்சையைப் பார்த்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார். "நீங்க சொன்னாச் சரி."

செய்தித்தாளைச் சுவரின்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் கல் ஒன்றை எடுத்து வைத்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வேலியோரம் நிழலாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். அவள் தலையாட்டினாள். பெட்டியை இறக்கி வைத்தார்கள். ஒரு கைக்குழந்தைக்குத் தோண்டுகிற குழியே அதற்குப் போதும்.

"எந்த அளவுக்கு வெட்டட்டும்மா?"

"அவர் நல்ல உயரம்ண்ணே" என்றாள் தையல்காரி.

அவர் மறுபடி பெட்டியைப் பார்க்கவில்லை. மண்வெட்டிக் காம்பைத் தரையில் படுக்க வைத்து, ஒரு முழு ஆளுக்கு வேண்டிய நீளத்தை அளந்து கோடு கிழித்தார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்தார்.